வருக அம்மணி, வருக!

நாமகிரிப்பேட்டையில் காதுகுத்துக்கு பிளக்ஸ் உண்டு. பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பத்துக்குப் பதினைந்தில் பிளக்ஸ் உண்டு. வார்டு உறுப்பினரின் மச்சானுக்குப் பிறந்தநாள் என்றால் பேருந்து நிறுத்தத்தில் நமக்குக் கிடைக்கிற நிழலே அந்த மச்சானின் முகத்து நிழல்தான். ஆனால் இந்த வட்டாரத்துக் கிழங்குக் காட்டையே மொட்டையடித்துவிட்டுப் போன விருந்தாளி ஒருத்திக்கு இன்றுவரை ஒரு சால்வை இல்லை. நாதசுரத்துக்குப் பேர்போன ஊர், ஒரு மல்லாரி வாசித்தாவது அழைத்திருக்க வேண்டாமா? அந்தப் பழி ஊருக்கு வேண்டாம் என்று இந்த வரவேற்பு மடலை நானே வாசித்து அளிக்கிறேன்.

மாண்புமிகு மரவள்ளி மாவுப்பூச்சி அம்மணி அவர்களே!

அம்மணி என்பது வெறும் மரியாதைக்கு அல்ல. தங்கள் குலத்தில் ஆணுக்கு வேலையே இல்லை. ஒருத்தி தனியாளாக நானூறு முட்டைவரை இட்டு, அத்தனையையும் பெண்ணாகவே பொரிக்கிறீர்கள். பெண் சிசுவைக் கொன்றுபோடாமல் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசாங்கமே கெஞ்சி, 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலாகத் தொடங்கியது இதே சேலத்துச் சீமையில்தான். இந்த மண்ணில் பொட்டைப்பிள்ளைகளை மட்டுமே பெற்று, யாரிடமும் ஒரு பேச்சு வாங்காமல், ஓகோவென்று குடும்பம் பெருக்கியவர் தாங்கள் ஒருவர்தான்.

தங்கள் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே பல நாடுகளின் சோற்றில் கைவைத்தீர்கள். 2008-ல் தாய்லாந்து. 2020-ல் கேரளத்துத் திருச்சூர். அங்கிருந்து சேலம், நாமக்கல். தங்களை வந்தேறி என்று இங்கே யாராவது ஏசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மரவள்ளிக்கிழங்கே வந்தேறிதான். போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள், திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊர் ஊராகப் பரப்பினார், 1940-களின் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி நின்றுபோனதும் சேலத்துக்காரர்கள் அதை அரைத்து வெள்ளை முத்தாக்கினார்கள். தாங்கள் வருவதற்கு முன்னாலேயே தங்கள் ஊர்ச் சாப்பாட்டை வரவழைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்துக் காத்திருந்த ஊர் இது.

தாங்கள் வந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு! பக்கத்து மாவட்டத்தில் எழவு விழுந்தால்கூட மனிதன் இ-பாஸுக்கு மனுப்போட்டுக் காத்திருந்த ஆண்டு. அம்மணிக்கு எந்தச் சாவடியிலும் நெற்றியில் காய்ச்சல் பார்க்கவில்லை. மரவள்ளிக்கு விதை ஏது, குச்சிதான் விதை. ஒரு காட்டில் வெட்டிய குச்சியைக் கட்டுக்கட்டாகக் கட்டி டெம்போவில் ஏற்றினால் அடுத்த காட்டில்தான் இறக்குவோம். அந்தக் கட்டின் கணுவிலும் குருத்திலும் ஒட்டிக்கொண்டு பயணம் போகிற வித்தை தங்களுக்குக் கைவந்த கலை.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலா என்று கேட்கலாம். இருக்கிறது. நாசம் செய்யும் பூச்சிகளுக்கான சட்டம், 1914. வெள்ளைக்காரன் போட்டது. தடைசெய்த செடியையோ பூச்சியையோ தெரிந்தே மாநிலம்விட்டு மாநிலம் கொண்டுபோனால் முதல் தடவைக்கு அபராதம் 250 ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 2000 வரை என்று அதில் எழுதியிருக்கிறது. தலைக்கவசம் இல்லாமல் ராசிபுரத்துக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்தால் 1000 ரூபாய். ஆகவே அம்மணி, தாங்கள் ஒரு மாவட்டத்தின் பிழைப்பையே சுமந்துகொண்டு எல்லை தாண்டினாலும், சட்டத்தின் கண்ணில் தங்கள் எடை வெறுந்தலையில் கால்வாசி. இதை மாற்றுகிறோம் என்று 2013-ல் வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா ஒன்று மக்களவைக்கு வந்தது. அவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது. மருந்து போத்தலுக்குக் காலாவதித் தேதி அச்சடிப்பதுபோல் மசோதாவுக்கும் முன்கூட்டியே அச்சடித்துவிட்டால் எங்களுக்கும் நம்பிக்கை வைக்கிற வேலை மிச்சம்.

தங்கள் உறவுக்காரர்களும் இங்கே சௌக்கியம். 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தங்களுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. படைப்புழு 2018-ல் கர்நாடகம் வழியாக வந்து நாமக்கல் கோழியின் மக்காச்சோளத்தில் பங்கு கேட்டது. இவர்களாவது காட்டோடு நின்றுகொண்டார்கள். வீட்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்தது, 2016-ல் பொள்ளாச்சியில் இறங்கிய சுருள் வெள்ளை ஈதான்.

கொல்லையில் நிற்கிற ஒற்றைத் தென்னையின் மட்டையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம். சாற்றை உறிஞ்சிவிட்டு அது கழிக்கிற பிசுபிசுப்பு நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே நிறுத்திய டிவிஎஸ் ஐம்பதின் சீட்டில் உட்கார்ந்தால் வேட்டி ஒட்டிக்கொண்டு எழும். இரண்டொரு வாரத்தில் அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் படரும். கறிவேப்பிலை கறுப்பு, கொய்யா கறுப்பு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் கறுப்பு, கொடியில் காய்கிற பள்ளிச் சீருடையில் கறுப்புப் புள்ளி. "ஏனுங்க, இது என்ன பூச்சிங்க, இத்தனை வயசுக்கு நான் பார்த்ததில்லையே" என்று ஒரு பாட்டி இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனால் கையில் ஒரு துண்டறிக்கை கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சி இலைமேல் தெளிக்கவும்.

கேலி இல்லை, முறை சரிதான். பசை காய்ந்து உரியும்போது கரும்பூசணமும் சேர்ந்து உரிந்துவிடும். எழுதிய விஞ்ஞானியைக் கும்பிடலாம். ஆனால் அறுபதடி உயரத்துக்குப் பசையை யார் தூக்கிக்கொண்டு போவது, பாட்டியா? இந்த மாநிலத்தில் மைதாப் பசைக்கு ஏணி, ஆள், வண்டி, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ராவோடு ராவாக ஏற்பாடு செய்கிற படை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தலைவர் வருகிறார் என்றால் ஒரே இரவில் ஆத்தூர் சாலையின் பாலம், பள்ளிக்கூடச் சுவர், பொதுக்கழிப்பிடக் கதவு எல்லாம் பசை. அந்தப் படை ஒரே ஒரு நாள் தென்னந்தோப்புப் பக்கம் திரும்பினால் போதும், நம் ஊர்ப் பூசணமெல்லாம் உரிந்துவிடும். சுவரில் ஒட்டியது உரியுமா என்பது வேறு விஷயம்.

இத்தனை பூச்சியும் ஏன் இப்போது வருகிறது என்று கேட்டால் ஒரே பதில்தான். "காலநிலை மாற்றமுங்க ஐயா." முன்பெல்லாம் இந்த இடத்தில் "கலிகாலம்" என்றார்கள். அதற்குக் கருத்தரங்கப் படி கிடைக்காது. எரிச்சல் என்னவென்றால், அந்தப் பதில் பொய்யில்லை. வெயில் ஏறினால் பூச்சி சீக்கிரம் வளரும், சீக்கிரம் பெருகும். கோடை நீண்டு வறட்சி பிடித்தால் அம்மணிக்குக் கொண்டாட்டம். ஒரு நல்ல மழை அடித்தால் குருத்திலிருந்து கழுவிக்கொண்டு போய்விடுவீர்கள், அந்த மழைதான் சொன்ன நாளில் வருவதில்லை. ஆனால் பாட்டி கேட்டது இது என்ன பூச்சி என்று, கிடைத்தது துருவப் பனி ஏன் உருகுகிறது என்பதற்கு விடை. வெயிலைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டால் குச்சிக் கட்டைச் சோதிக்காதவன் வீட்டுக்குப் போகலாம். அந்த வெயிலுக்கும் நாமகிரிப்பேட்டைக்காரன் பொறுப்பில்லை. மேட்டூரில் நிலக்கரி எரிக்கிற புகைபோக்கியை அவனா நட்டான்? 2022 டிசம்பரில் மாநிலக் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியாயிற்று, மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் தலைமையில் கிளையும் உண்டு. தாங்கள் அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகலாம், அம்மணி. பயப்பட ஒன்றும் இல்லை, மரக்கன்று கொடுப்பார்கள்.

பயப்படவேண்டியது ஒரே ஒருத்திக்குத்தான். அனாகைரஸ் லோபெசி என்கிற குளவி, இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. தங்கள் உடம்புக்குள்ளேயே முட்டை வைத்துவிடும், குஞ்சு தங்களைத் தின்றுவிட்டு வெளியே வரும். 1981-ல் பராகுவேயில் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள், கிழங்கு பிழைத்தது. அந்த வேலைக்காக விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்துக்குத் தாங்கள் போன அடுத்த வருஷமே அவர்களும் இதை வரவழைத்துக்கொண்டார்கள். நாங்கள்? பெங்களூர்ப் பூச்சி ஆராய்ச்சி மையம் பெனின் நாட்டிலிருந்து 2021-ல் கொண்டுவந்து வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டது. அந்த விஞ்ஞானிகள்மேல் எனக்குக் கோபமே இல்லை. தாய்லாந்தில் விழுந்த அடியைப் பார்த்த அன்றே, பூச்சி வருகிறதோ இல்லையோ, இறக்குமதி அனுமதியையாவது எழுதி மேஜையில் வைத்திருக்கலாமே என்கிற கோபம்தான். பத்து மாதப் பயிர் அது. காத்திருந்த காலத்தில் கிழங்குக்காரன் வட்டி கட்டினான்.

ஆனால் கவலை வேண்டாம். இந்தக் குளவிக்கு இங்கே ஆதரவாளர் கிடையாது. இலவசமாகப் பறக்கிறது, தானாகப் பெருகுகிறது. கமிஷன் இல்லை, டெண்டர் இல்லை, கல்வெட்டு பதிக்க முதுகில் இடமில்லை. தங்கள் பக்கத்திலோ மருந்துக்கடை முழுக்க நிற்கிறது. "ரெண்டு மருந்தாக் கலந்து அடிங்கண்ணா, சும்மா சுத்தமாயிரும்." கலந்து அடித்தால் சுத்தமாகிறவள் குளவி. தாங்கள் மெழுகுப் போர்வைக்குள் சுருண்ட குருத்தில் பத்திரமாக இருப்பீர்கள்.

வரவேற்பு மடல் என்றால் கடைசியில் ஊர்க் கோரிக்கை வேண்டும். எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழைக்கும் வெள்ளத்துக்கும் தனி ஒரு காட்டைப் பார்த்து இழப்பீடு உண்டு. பூச்சிக்கு அப்படி இல்லை. அறிவித்த பிர்கா முழுக்க விளைச்சல் சரிந்ததாகக் கணக்கு வந்தால்தான் பணம். ஒருவன் காடு மட்டும் அழிந்தால் அது அவன் தலையெழுத்து. ஆகவே அம்மணி அவர்களே, தாங்கள் மனம்போன போக்கில் அங்கொரு குருத்து இங்கொரு குருத்து என்று மேயாமல், வருவாய்த்துறை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல்வரை ஒரு காட்டையும் விட்டுவைக்காமல், மாதிரி அறுவடைக்கு ஆள் வருவதற்கு முன்னால் தின்று முடித்துத் தரும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.