வாரண்டி வேட்டை

ஊரில் கார்த்திகை பிறந்து சாமிமார்கள் மாலை போடத் தொடங்கும் அதே வாக்கில்தான் விஸ்கான்சினிலும் ஆண்கள் உடை மாற்றுகிறார்கள். கறுப்பு வேட்டிக்குப் பதில் இங்கே கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள், துப்பாக்கியோடு மான் வேட்டை. ஆபீசில் பாதி நாற்காலி காலியாகிவிடும். பெட்ரோல் பங்க், பலசரக்குக் கடை, எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுச் சட்டை. இன்னொரு வேட்டைக்காரர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சட்டம் போட்டு அணியவைத்த நிறம். மானுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோல் தெரியாதாம். மனிதருக்குத் தெரிந்தால் போதாதா?

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாள் வேட்டை முடிந்து இருட்டிய பிறகு வந்து டிரக்கை நிறுத்தினார். பின்னால் எட்டிப் பார்த்தேன். மான் இல்லை. ஆனால் மனிதர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"ஒண்ணும் கிடைக்கலையா?" என்றேன்.

"ரேஞ்ச் ஃபைண்டர் கீழே விழுந்துடுச்சு" என்றார். "பரண்ல இருந்து. பதினஞ்சடி. நேரா ஒரு பாறை மேல."

எடுத்துக் காட்டினார். மான் எத்தனை கஜ தூரத்தில் நிற்கிறது என்று சொல்லும் கையடக்கக் கருவி அது. கண்ணாடியில் விரிசல் நட்சத்திரக் கோலம் போட்டிருந்தது. "லைஃப்டைம் வாரண்டி!" என்று சொல்லிவிட்டு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற பக்குவத்தோடு அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

இவர் காட்டுக்குப் போவது மானுக்காக அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த ரகத்தை அமெரிக்காவில் மான் இருக்கும் எந்த மாநிலத்திலும் பார்க்கலாம். பெரும்பாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். கடைக்குப் போனால் பொருளைத் தொடுவதற்கு முன் அட்டைப்பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து, அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை வாசிப்பார். பெண் பார்க்கப் போனவர் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்காமல் ஜாதகத்தையே புரட்டிக்கொண்டிருப்பது மாதிரி. பூட்ஸ் காலைக் கடிக்குமா, ஸ்கோப்பில் குறி நிற்குமா என்பதெல்லாம் அப்புறம். உடைந்தால் யார் பொறுப்பு? பில் தொலைந்தால்? முதலில் வாங்கியவருக்கு மட்டுமா, கைமாறினாலும் உண்டா? தபால் செலவு யார் தலையில்?

அமெரிக்காவும் அவருக்குத் தோதான நாடுதான். எங்கள் மாநிலத்திலேயே பார்னவெல்டில் இருக்கும் வோர்டெக்ஸ் கம்பெனி, தன் பைனாகுலருக்கு ஆயுள் முழுக்க, பில் கேட்காமல், கைமாறினாலும் செல்லும்படியாக உத்தரவாதம் தருகிறது. பக் கம்பெனி தன் கத்திகளுக்குத் தரும் வாரண்டியின் பெயரே 'என்றென்றைக்கும்'. ஜிப்போ லைட்டர் மக்கர் பண்ணினால் காசு வாங்காமல் சரிசெய்து அனுப்புவார்கள். வெர்மான்ட்டில் நெய்கிற டார்ன் டஃப் காலுறை ஓட்டையானால் புதுசு உண்டு; துவைத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இப்படி எழுதிவைக்க வேண்டிய நிலைமைக்குக் கம்பெனியைக் கொண்டுபோய் நிறுத்திய அந்த முதல் பார்சலைப் பிரித்தவர் யாரோ, பாவம்.

நம்மாளின் கராஜில் டிரக்குக்கு இடமில்லை. ஒரு சுவர் நிறைய ஆணி, ஆணிக்கு ஆணி சாமான். எதிர்ச்சுவரில் இரும்பு அலமாரி. அதில் பொருள்வாரியாகக் கோப்பு: வாங்கிய தேதி, சீரியல் எண், புதிதாக இருந்தபோது எடுத்த படம், உடைந்த பிறகு எடுத்த படம். எல்.ஐ.சி. ஏஜெண்டு வீட்டில்கூட இத்தனை பாலிசி இருக்காது. என் அம்மாவும் மிக்ஸி வாரண்டி அட்டையைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில்தான் வைத்திருப்பாள். 'மோட்டாருக்கு மட்டும்' என்று அதில் போட்டிருக்கும். மோட்டாரைத் தவிர மற்றதெல்லாம் உடையும்.

இந்த மதத்துக்கு ஒரு தலபுராணமும் உண்டு. தலம், மெயின் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட். லியான் லியன்வுட் பீன் என்று ஒருவர். வேட்டைக்குப் போய்க் கால் நனைந்து விறைத்துத் திரும்பியவர், கீழே ரப்பரும் மேலே தோலுமாக ஒரு பூட்ஸ் தைக்கவைத்தார். 1912-இல் வெளிமாநிலத்து வேட்டை லைசென்ஸ்காரர்களின் முகவரிகளை வாங்கி, எல்லோருக்கும் விளம்பரத் தாள் அனுப்பினார்; திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ். 100 ஜோடி விற்றது. 90 ஜோடி திரும்பி வந்தது. தோலும் ரப்பரும் தையலில் பிரிந்துவிட்டன. மனிதர் சொன்னபடி அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கடன் வாங்கி, பூட்ஸைத் திருத்தி, மறுபடி விற்றார். அதுதான் எல்.எல். பீன் கம்பெனியாக வளர்ந்தது. நம்மாள் இந்தக் கதையைச் சொல்லும்போது 90 என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் விடுவார். திரௌபதி கை இரண்டையும் மேலே தூக்கிய கட்டத்தில் கதாகாலட்சேபக்காரர் ஒரு வாய் வெந்நீர் குடிப்பாரே, அந்த நிறுத்தம்.

புராணம் இருந்தால் கலியுகமும் இருக்கும். 2018 பிப்ரவரியில் அதே கம்பெனி, இனி வாங்கி ஒரு வருஷத்துக்குள்தான், அதுவும் பில்லோடு என்று அறிவித்துவிட்டது. பழைய சாமான் சந்தையில் சல்லிக் காசுக்கு வாங்கியதைக்கூடக் கொண்டுவந்து பணம் கேட்கிறார்கள் என்பது அவர்கள் புலம்பல். அந்தச் சேதியைச் சொல்லும்போது நம்மாள் தொப்பியைக் கழற்றிவிடுவார். "அயோக்கியப் பசங்க கெடுத்துட்டாங்க" என்பார். அப்போது அவர் காலில் இருக்கும் பூட்ஸ் நான்காம் முறை மாற்றி வாங்கியது.

ஆனால் அவரை அயோக்கியர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பொய் பேச மாட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். சங்கடமே அங்கேதான். எவ்வளவு தாராளமான வாரண்டியிலும் ஓரத்தில் ஒரு வரி இருக்கும்: வேண்டுமென்றே சேதப்படுத்தினால் செல்லாது. உடைக்கவும் கூடாது, உடையாமல் இருந்தால் வாரண்டி நிஜமா பொய்யா என்று தெரியப்போவதும் இல்லை. ஆகவே, விபத்து தானாக நடந்து வரும்படி பாதையைப் பெருக்கி வைத்திருக்கிறார்.

ஒரு காலை நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரக்கின் பின்பம்பரில் பைனாகுலரை வைத்தார். சற்று நின்றார். உள்ளே போய்க் காபி எடுத்துவந்தார். டயருக்குக் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறப்பதற்குத் தன் மூளைக்கு ஆன மட்டும் அவகாசம் கொடுத்தார். வண்டியைக் கிளப்பி ரிவர்ஸ் எடுக்கப் போன சமயம், அவர் மனைவி வாசலுக்கு வந்து, "பைனாகுலர் பம்பர் மேல இருக்கு!" என்று கத்தினார்.

இறங்கிவந்து எடுத்துக்கொண்டவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "சொல்லிட்டா" என்றார் என்னிடம். "இனிமே அது விபத்து இல்ல."

உடைந்ததை அனுப்பும்போது கூடவே ஒரு கடிதம் வைப்பார். 'லென்ஸ் விரிசல்' என்று இரண்டு வார்த்தை போதும். கம்பெனிக்காரர்கள் கேட்பதும் அவ்வளவே. நம்மாள் ஒன்றரைப் பக்கம் எழுதுவார். விடியற்கால மூடுபனியில் ஆரம்பித்து, பரணின் கீழ்ப்படி ஈரமாக இருந்தது, தூரத்தில் சருகு நொறுங்கும் சத்தம், கையுறை வழுக்கியது என்று போகும். ஒன்றிரண்டை வாசிக்கக் கொடுத்திருக்கிறார். மான் கடைசிப் பத்தியில்தான் வரும், வந்த வேகத்தில் ஓடிவிடும். வார இதழுக்கு அனுப்பினால் பிரசுரமாகும் தரம்.

பதினைந்து நாளில் புதுக் கருவி வந்து சேரும். அன்றைக்கு அவர் வீட்டில் களை இருக்காது. "ஒரு கேள்விகூடக் கேக்கல" என்பார். கேட்டிருந்தால் பதில் சொல்லத்தான் அலமாரி நிறையக் கோப்பு வைத்திருக்கிறார். பாடம் முழுக்க உருப்போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போன பையனை, எல்லோரும் பாஸ் என்று திருப்பி அனுப்பினால் அவனுக்கு எப்படி இருக்கும்?

போன இலையுதிர் காலத்தில் என் மாமனார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். திருநெல்வேலியில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், 'விற்ற சரக்கு வாபஸ் இல்லை' என்று சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டியிருப்பார். பிள்ளையாருக்கு விழுகிற மாலை சில நாள் அதற்கும் விழும்.

ஒரு காலை ஏழு மணிக்கு நம்மாள் வந்து கதவைத் தட்டினார். என் பெயரில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தால் கூப்பிடுவது அவர் வழக்கம். "சீக்கிரம் வா, கண்டுபிடிச்சுட்டேன்." மாமனாரும் சால்வையைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தார்.

கராஜ் இருட்டாக இருந்தது. உள்ளே காட்டமான ஒரு வாடை. மாமனார் என் முழங்கையைப் பிடித்து, "மாப்ளே, காலங்காத்தாலயேவா?" என்றார்.

குடி இல்லை. வாத்து வேட்டைக்குச் சதுப்பில் இறங்கும்போது மார்புவரை இழுத்து மாட்டிக்கொள்ளும் வேடர் என்ற நீர்புகாக் காற்சட்டை, முளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் ஹோரிக்கன் சதுப்புநிலத்துக்குப் போய்வந்ததில் இடது தொடையில் ஈரம் கசிந்திருக்கிறது. ஓட்டையோ கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, ஊசிக்கு முன் நர்ஸ் பஞ்சில் தொட்டுத் தடவுகிற அதே ஸ்பிரிட்டைத் தெளித்தால், ஓட்டை உள்ள இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். நம்மாள் டார்ச்சை அருகில் கொண்டுபோனார். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, கடுகளவு கரும்புள்ளி.

"முள்ளா, தையலா?" என்றார் நம்மாள், பொக்கிஷம் கண்ட குரலில். முள் குத்தியதென்றால் ஒரு விதி, தையல் விட்டதென்றால் வேறு விதி. பூதக்கண்ணாடி வந்தது. தையல்தான். மனிதர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

நான் மாமனாருக்கு விஷயத்தைத் தமிழில் விளக்கினேன். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இந்த மனுசன் நம்ம கடைப்பக்கம் வந்தா, நான் ஷட்டரை இறக்கிட்டுப் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கிடுங்க." பிறகு கடைக்காரருக்கே உரிய ஒரு கேள்வி கேட்டார். "ஆயுசுக்கும்னு சொல்லுதானே, அது யாரு ஆயுசு? வாங்குனவனுக்கா, வித்தவனுக்கா, சாமானுக்கா?"

மொழிபெயர்த்ததுதான் தாமதம், நம்மாள் மாமனாரை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தில் தொடங்கினார். முழு வாரண்டி எது, வரம்புக்குட்பட்ட வாரண்டி எது. ஆயுள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தால், அது யாருடைய ஆயுள், எதனுடைய ஆயுள் என்று சொல்லவேண்டும் என மத்திய வர்த்தக ஆணையமே வழிகாட்டி போட்டிருக்கிறது. காரின் சைலன்ஸருக்கு ஆயுள் வாரண்டி என்றால், அது மாட்டியிருக்கும் காரின் ஆயுளாகவும் இருக்கலாம். வாங்கியவர் நூறு வயது வாழ்ந்தாலும் கார் காயலான் கடைக்குப் போன அன்றைக்கு வாரண்டி முடிந்தது.

எனக்கும் இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஆயுள் வாரண்டி என்று நம்பி ஒரு முதுகுப்பை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆறாம் வருஷம் தோள்வார் அறுந்தது. எழுதிப் போட்டேன். ஆயுள் என்பது பொருளின் இயல்பான ஆயுள், உங்கள் பை தன் இயல்பான ஆயுளை நிறைவு செய்துவிட்டது என்று பதில் வந்தது. உயிரோடு இருக்கும்வரை வைத்தியம் இலவசம், செத்துப்போனால் எங்களிடம் வரக்கூடாது. நம்மாளிடம் சொன்னபோது, "நீ கடிதம் எத்தனை பக்கம் எழுதினே?" என்றார். நாலு வரி என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாமனார் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் நம்மாளுக்கு முறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாத்திரக்காரர் இல்லையா, பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்க மனசு வராது. ஊரிலிருந்து எடுத்துவந்த எவர்சில்வர் தூக்குவாளியிலேயே போட்டு எடுத்துப்போனார். மூடியில் அவருடைய அம்மாவின் இனிஷியல், 1971 என்று வருஷம், புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பிடியில் தொய்வில்லை, அடியில் ஒரு நெளிவில்லை.

நம்மாள் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே வாளியைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் எதையோ தேடினார். மூடியின் உள்பக்கமும் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி?"

கம்பெனி எல்லாம் கிடையாது என்றேன்.

"என்ன வாரண்டி?"

மாமனாரிடம் கேட்டேன். சிரித்தார். "எடைக்குப் போட்டா எடைக்குக் காசு. வேற என்ன வேணுமாம்?"

நம்மாள் வாளியைக் கையில் வைத்து எடை பார்த்தார். விரல் கணுவால் தட்டி, சத்தம் அடங்கும்வரை காதுகொடுத்துக் கேட்டார். பிறகு அவர் பார்வை மெல்ல வெளியே, வாசலில் நின்ற டிரக்கின் பின்சக்கரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"சார்" என்றார் மாமனாரைப் பார்த்து, மிகுந்த பணிவோடு. "இதைக் கொஞ்ச நேரம் வெளியே வெச்சு மறந்துட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லையே?"

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் படவில்லை. பாக்கி முறுக்கை அப்படியே மேஜைமேல் கொட்டிவிட்டு, மாமனார் தூக்குவாளியைச் சால்வைக்குள் வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.