மூன்று நிமிடப் படத்தின் முழுநேர இயக்குநர்

கொல்கத்தாவில் படம் எடுத்தவர்களைவிட எடுக்கப்போகிறவர்கள் அதிகம். காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் ஒரு மேசை, நந்தன் திரையரங்க வளாகத்தில் ஒரு படிக்கட்டு, ஜாதவ்பூரில் ஒரு டீக்கடை என்று இவர்களுக்கு நிரந்தர முகவரிகள் உண்டு. முன்பெல்லாம் தயாரிப்பாளரைத் தேடி அலைந்தார்கள். இப்போது நம்மைத் தேடி வருகிறார்கள். ஊர்கூடி நிதி கொடுக்கும் இணையதளம் ஒன்றில் படத்துக்கென்று ஒரு பக்கம் திறக்க வேண்டும். அதன் உச்சியில் ஒரு பிட்ச் வீடியோ வைக்க வேண்டும். நான் யார், என்ன படம், எவ்வளவு பணம், எதற்குப் பணம் – இதை மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நம் டைரக்டருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கசங்கிய பஞ்சாபி ஜிப்பா, தோளில் சாந்திநிகேதன் பை, பையில் எந்தத் தயாரிப்பாளரும் முழுதாகப் படிக்காத திரைக்கதை. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் என்னைப் போன்ற தமிழர்களிடம் அவருக்குத் தனிப் பிரியம். “தாதா, ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தாரே ஜான் ஆப்ரஹாம், அவர் எங்க ரித்விக் கட்டக்கின் மாணவர் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். தெரியும். அதே ஜான், கேரளத்தில் ஒடேஸா என்ற குழுவோடு ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு வசூலித்து 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார் என்பதும் தெரியும். குஜராத்தில் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 1976இல் ‘மந்தன்’ படத்துக்குத் தயாரிப்பாளர்கள் ஆனதும் தெரியும். அவர்களிடம் யாரும் வீடியோ காட்டவில்லை என்று சொன்னால் மட்டும் டைரக்டர் சிகரெட் பற்றவைக்க வெளியே போய்விடுவார்.

வீடியோவின் முதல் நான்கு நிமிடம் அவர் திரையில் வரவே மாட்டார். ஹூக்ளியில் படகு, ஹௌரா பாலத்தில் விடியல், மல்லிக்காட் பூச்சந்தையில் செவ்வந்தி மூட்டை. பிறகு டிராம். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு தடங்களில் அது வரும்வரை காத்திருந்ததில் ஒரு முழு நாள் போனது. கேமரா வாடகையும் போனது. அடுத்து சத்யஜித் ராய். ‘பதேர் பாஞ்சாலி’க்காக அவர் இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தது, இசைத்தட்டுகளை விற்றது, மனைவியின் நகை அடகுக்குப் போனது, கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து 1955இல் படம் வெளிவந்தது எல்லாம் தழுதழுத்த குரலில் வரும். ராய் அத்தனை காலமும் விளம்பரக் கம்பெனி வேலையை விடாமல் விடுமுறை நாளில் படம் பிடித்தார் என்ற தகவல் மட்டும் எடிட்டிங்கில் போய்விடும். தயாரிப்பாளர்களிடம் ராய் கொண்டுபோனது காட்சிகளை வரைந்து வைத்த ஒரு நோட்டுப்புத்தகம்தான் என்பதும் போய்விடும்.

டைரக்டர் நேரில் பேசும் பகுதியைப் படம் பிடித்தபோது நானும் கூட இருந்தேன். பின்னணிக்குப் புத்தக அலமாரி. அம்மாவின் ஹோமியோபதி மருந்துப் பெட்டியை அகற்றி அந்த இடத்தில் கட்டக்கின் படம் வைக்கப்பட்டது. ஒலிப்பதிவு கெடும் என்று மின்விசிறியை நிறுத்தினார்கள்; ஜூலைப் புழுக்கத்தில் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேமராவுக்குக் கீழே காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது: ‘எங்களுக்கு எட்டு லட்சம் ரூபாய் வேண்டும்.’ அந்த ஒரு வரிதான் வாயில் வர மறுத்தது. “உங்கள் அன்பு வேண்டும்” என்றார். கட். “இந்தப் பயணத்தில் கைகோக்க வேண்டும்” என்றார். கட். “சினிமா என்பது ஒரு...” என்று இழுக்கும்போது உள்ளேயிருந்து அம்மா, “கோகா, வேர்த்துக் கொட்டுதே, ஃபேனைப் போடட்டுமாடா?” என்றார். கட்.

பணம் கேட்பது பத்ரலோக், அதாவது படித்த கனவான்கள், வீட்டுப் பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சல். கடன் வாங்கலாம், அது நட்பு. அரசு மானியம் வாங்கலாம், அது உரிமை. முன்பின் தெரியாதவரிடம் ஐந்நூறு ரூபாய் கொடுங்கள் என்று கேட்பது எப்படி?

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பாடா (பேட்டை) கிளப் பையன்கள், துர்கா பூஜை ரசீதுப் புத்தகத்தோடு. “மாஷிமா, இந்த வருஷம் ஆயிரத்தொண்ணு” என்றான் ஒருவன். கேட்கும் முன்பே ரசீது எழுதியாகிவிட்டது. என்ன பந்தல், எந்தச் சிற்பி என்று ஒரு விளக்கமும் கிடையாது. அம்மா ஐந்நூறுக்குப் பேரம் பேசினார், எழுநூறில் முடிந்தது. யுனெஸ்கோ 2021இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த திருவிழாவின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது; ஊர்கூடிச் செலவு செய்வதில் இந்த நகரத்துக்கு நீண்ட கால அனுபவம். கேமரா ஓடிக்கொண்டே இருந்ததால் பேரம் முழுக்கப் பதிவாகிவிட்டது. “இதையே போட்டுவிடலாமே?” என்று கேட்டேன். “தாதா, இதில் அழகியல் இல்லை” என்றார்.

சன்மானப் பட்டியலில் அழகியல் நிறைய. ஐந்நூறு கொடுத்தால் நன்றிப் பட்டியலில் பெயர்; ஐயாயிரத்துக்குக் கையெழுத்திட்ட போஸ்டர்; ஐம்பதாயிரத்துக்கு டைரக்டரோடு ஒரு மாலை அட்டா, அதாவது அரட்டை. அவருடைய அட்டாவை இலவசமாகவே அனுபவித்த நண்பர்கள், அதிலிருந்து விடுதலைக்கு என்ன கட்டணம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீடியோ இப்போது பன்னிரண்டு நிமிடத்தில் நிற்கிறது. அவர் சேர்ந்திருக்கும் தளத்தின் விதிப்படி, குறித்த நாளுக்குள் முழுத் தொகை சேராவிட்டால் வந்ததெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். ஆகவே இணைப்பு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் பதினோராவது நிமிடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். தொகை அங்கேதான், சின்ன எழுத்தில் இருக்கிறது. ஓர் ஐந்நூறாவது அனுப்புங்கள். கதை என்ன என்று மட்டும் போன் செய்து கேட்டுவிடாதீர்கள்.