உப்புக்காற்றில் ஓடும் வண்டிகள்: கேள்வி-பதில்

வேனுக்கு டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சக்கரத்துக்கு மேலே மறுபடியும் கொப்புளம். பெயிண்ட் மட்டமா?
– வேன் உரிமையாளர், பாம்பன்

பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள். துருவை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள். இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். அதுதான் பெயிண்டைத் தூக்குகிறது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி ஓட்டையை மறைக்கும், ஈரத்தைத் தடுக்காது. தகடு கெட்டியாக இருந்தால், இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். நம் கடற்கரையில் தேய்த்த தகட்டை ஒரு ராத்திரி வெளியே விட்டால் விடியும்போது பழுப்பு ஏறியிருக்கும்.

கல் எதுவும் படவில்லை. ஆனாலும் முன் கண்ணாடியில் ஓரத்திலிருந்து கீறல் ஓடுகிறதே?
– ஓட்டுநர், மண்டபம்

கீறல் தொடங்கும் இடத்தை நகத்தால் தடவுங்கள். சிறு பள்ளம் தட்டுப்பட்டால் கல்தான். பள்ளமே இல்லாமல் பீடிங் ரப்பருக்கு அடியிலிருந்து கிளம்பியிருந்தால், கண்ணாடியை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ரப்பருக்குள் தேங்கும் உப்பு ஈரம் சட்டத்தை அரிக்கிறது. வீங்கிய துரு கண்ணாடியை நெருக்குகிறது. கண்ணாடியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இடத்தில் விரிசல் விடும். கழற்றிய அன்றே சட்டத்தைச் சுரண்டிச் சரிசெய்யச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள்.

கல் பட்ட புள்ளிக்கு முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டுமா?
– டிராவல்ஸ் நடத்துபவர், ராமநாதபுரம்

ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஓரத்தைத் தொடாமல், ஓட்டுநரின் பார்வைக்கு நேராகவும் இல்லையென்றால் ரெசின் செலுத்திச் சரிசெய்யலாம். பட்டறைக்குப் போகும்வரை டேப் ஒட்டிவையுங்கள். ஈரமும் மணலும் புகுந்த விரிசலில் ரெசின் பிடிக்காது.

மழை பெய்தால் டேஷ்போர்டில் தண்ணீர். சிலிகான் பூசிப் பூசி அலுத்துவிட்டது.
– வாசகர், தங்கச்சிமடம்

ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸைப் பிடிக்கட்டும். கண்ணாடியின் அடியில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனையும், எது ஓட்டை என்று தெரியாது. இடம் தெரிந்த பிறகு பூசுங்கள். கூரையில் லக்கேஜ் கேரியர் இருந்தால் அதன் போல்ட் துளைகளையும் விடாதீர்கள்.

கேரவனாக மாற்றிய பழைய வேன் விலைக்கு வருகிறது. பெயிண்ட் புத்தம் புதுசு. வாங்கலாமா?
– வாசகர், பரமக்குடி

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டாத இடம் பட்டி. ஃபைபரிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது; அலுமினியமாக இருந்தால் இரும்பு ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள். கடல்காற்றில் இந்த இரண்டு உலோகமும் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். அடியில் குனிந்து பார்க்க விடாத ஆளிடம் வாங்கவே வேண்டாம்.

பாம்பன் பாலத்தையே துரு விடவில்லை. வண்டி எம்மாத்திரம்?
– மாணவர், ராமேஸ்வரம்

1914இல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்ததே! இடைவிடாத பராமரிப்பு இல்லாமல் அது நடக்காது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். துருவை முழுதாக ஒழிக்க முடியாது, தள்ளிப்போடலாம்.

தனுஷ்கோடி போய்வந்தால் என்ன செய்ய வேண்டும்?
– சுற்றுலா வேன் ஓட்டுநர், கீழக்கரை

அரிச்சல்முனை வரை 2017இலேயே தார்ச்சாலை வந்துவிட்டது. அதன் பிறகும் படம் எடுக்க அலைக்குள் வண்டியை இறக்காதீர்கள். திரும்பிய அன்றே அடிப்பகுதி, சக்கர வளைவு, கதவின் அடித்துளைகள் எல்லாவற்றையும் கழுவுங்கள். மண் அடைத்த துளையில் உப்புநீர் தேங்கித்தான் கதவு கீழிருந்து அரிபடுகிறது. கழுவுவதற்கு முன், கழுவ எடுத்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அதைத் தொடாதீர்கள். நல்ல தண்ணீர் இரண்டு குடமே கிடைத்தாலும் முதலில் வண்டியின் அடிப்பகுதிக்கு ஊற்றுங்கள்.