அடி தள்ளிய வரலாறு

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் பாரூரில் ஒரு மாட்டுக்கு அடி தள்ளினால் அரைமணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஒருவர் கால்நடை டாக்டருக்குப் போன் போடுவார். ஒருவர் வெந்நீர் வைப்பார். ‘பின்னாடி கயித்தக் கட்டுங்கடா’ என்று திண்ணையில் இருந்தபடியே ஒருவர் ஆணையிடுவார். பொழுது சாய்வதற்குள் தள்ளினது உள்ளே போயிருக்கும். மாடு அசை போட்டுக்கொண்டிருக்கும்.

அதே தெருவில் எங்கள் ஆயாவுக்கும் அடி தள்ளியிருந்தது. அது வெளியே தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று. ஏழு பிள்ளை பெற்றவர், ஏரிக்குக் கீழே நாற்று நட்டவர், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குத் தலைச்சுமையாகத் தேங்காய் கொண்டுபோனவர். பழஞ்சேலையைக் கிழித்துக் கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இத்தனையும் செய்திருக்கிறார். ‘அடி எறங்குது’ என்று தாத்தாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாராம். ‘வயசானா எல்லாம் எறங்கத்தான் செய்யும்’ என்றாராம் அவர். அப்போது ஆயாவுக்கு வயது இருபத்தெட்டு.

தாத்தாவின் இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலக மருத்துவ வரலாற்றில் இது பல மொழிகளில், பல வேஷத்தில் வரப்போகிறது.

விஷயம் இதுதான். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் தசையும் நார்ச்சவ்வும் சேர்ந்து ஒரு தூளி கட்டியிருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதில்தான் படுத்திருக்கின்றன. அடுத்தடுத்த பிரசவம், பச்சை உடம்போடு தூக்கும் சுமை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி எல்லாம் சேர்ந்து தூளியைத் தொய்ய வைக்கும். உள்ளே இருப்பது வாசலுக்கு வரும். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பெரிய மனிதர்கள் கூடி யோசித்ததெல்லாம் ஒரே கேள்வி: இந்தத் தூளிக்கு எதைக் கொண்டு ஒட்டுப்போடுவது?

கிரேக்கர்களில் இருந்து தொடங்கலாம். யூரிஃபோன் என்ற வைத்தியர், பெண்ணின் காலை ஏணியில் கட்டித் தலைகீழாக ஒரு பகல், ஓர் இரவு தொங்கவிடச் சொன்னார். இறக்கிய பிறகு ஆறிய பார்லிக் கஞ்சி. கஞ்சி கொடுக்கத் தோன்றியதே, அந்த மட்டுக்கும் மனுஷன். டையோக்ளீஸ் கொஞ்சம் சாது. மாதுளையைப் பாதியாக வெட்டிக் காடியில் நனைத்து உள்ளே வைத்து அடைக்கச் சொன்னார். அவர் மட்டும் கிருஷ்ணகிரியில் பிறந்திருந்தால் கையில் கிடைத்திருப்பது மல்கோவா. கிரேக்கப் பெண்கள் தப்பித்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் சொரானஸ் என்பவர் வந்து, ஏணி வைத்தியம் பலன் இல்லாத கொடுமை என்று எழுதிவைத்தார். பெண்ணைத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது என்று கண்டுபிடிக்கவே சில நூற்றாண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

நடுவில் பல நூற்றாண்டுகளைத் தாண்டிவிடலாம். மெழுகு, தக்கை, மரம் என்று பொருள் மாறியதே தவிர, யோசனை மாதுளையை விட்டு நகரவில்லை. 1888-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் கத்தியும் ஊசியும் எடுத்தார். தொய்ந்த சுவரைப் பிடித்து, மடித்து, பெண்ணின் சொந்தத் திசுவையே இழுத்துத் தைத்தார். உலகத்துக்கே துணி நெய்து விற்ற ஊர் மான்செஸ்டர். அங்கே போய் ஒரு மனுஷர் ஒட்டுத்துணியே இல்லாமல் கிழிசல் தைத்திருக்கிறார். ‘மான்செஸ்டர் ஆபரேஷன்’ என்ற பெயர் பாடப்புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. டொனால்டைக் கதையின் ஓரத்தில் உட்காரவையுங்கள். கடைசியில் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே அடி தள்ளியது கிழவிகளுக்கு மட்டும் இல்லை, இன்னும் பிள்ளை பெற வேண்டிய இளம்பெண்களுக்கும்தான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாமியார் வீட்டில் நாற்காலி போய்விடும். ஆகவே நம் மருத்துவர்கள் அதை எடுக்காமல் ஊஞ்சல் கட்டித் தொங்கவிட வழி தேடினார்கள். வி.என். ஷிரோத்கர் முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினார். பி.என். புரந்தரே முன்வயிற்றுச் சுவரில் கட்டினார். கன்னா இடுப்பெலும்பின் முன்முனையில் கட்டினார். கொடிக்கயிறு கட்டக்கூட வீட்டில் இத்தனை சுவர் கிடைக்காது.

கயிறு எது என்பதில்தான் நம் கதை. முதலில் கட்டியது சொந்தச் சரக்கு: தொடையில் இருந்தோ வயிற்றில் இருந்தோ உரித்தெடுத்த நார்ச்சவ்வு. பிறகு வந்தது மெர்சிலீன் நாடா. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பாலியெஸ்டர்தான். ஊரெல்லாம் மாப்பிள்ளைகள் டெரிலின் சட்டைக்கு ஆலாய்ப் பறந்த காலத்தில், அதன் ஒன்றுவிட்ட தம்பி ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டான். ‘கசங்காது, சுருங்காது, சாயம் போகாது’ என்பது இரண்டு இடத்திலும் ஒரே விளம்பரம்.

இதே ஷிரோத்கர்தான், கரு தங்காமல் கலைந்துபோகும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டும் தையலையும் கண்டுபிடித்தவர். அதற்கும் முதலில் தொடைச் சவ்வுதான் நூல். உலகமே படித்த அந்தக் கட்டுரை 1955-இல் அச்சானது லண்டனில் இல்லை. மதராஸில் டாக்டர் யு. ராம ராவ் தொடங்கிய ‘ஆன்டிசெப்டிக்’ பத்திரிகையில். ஆயாவின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்கு உலக மருத்துவத்தில் ஒரு பங்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இனி அமெரிக்கா. 1950-களில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனி மார்லெக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக்கைச் செய்துவிட்டு, விற்கத் தெரியாமல் விழித்தது. 1958-இல் ஹுலா ஹூப் பைத்தியம் பிடித்தது. இடுப்பை ஆட்டிச் சுற்றும் அந்த வளையத்துக்கு மார்லெக்ஸ் டன் கணக்கில் போயிற்று. அதே 1958-இல் டெக்சாஸ் டாக்டர் ஃபிரான்சிஸ் அஷர், மார்லெக்ஸில் வலை பின்னிக் குடலிறக்கத்துக்கு ஒட்டுப்போட்டதை எழுதினார். ஒரே பிளாஸ்டிக், ஒரே வருஷம், இடுப்புக்கு வெளியே வளையம், வயிற்றுக்கு உள்ளே வலை. பிறகு அந்த இடத்துக்குப் பாலிபுரொப்பிலீன் வந்தது. அது நமக்குச் சொந்தக்காரன்தான், யூரியா சாக்கு அதில்தான் நெய்கிறார்கள்.

குடலிறக்கத்தில் வலை நன்றாகவே வேலை செய்தது. மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கம் செய்து ஏழைகளுக்குத் தைத்துக் காட்டினார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று 2016-இல் முடிவு வந்தது. வலை விற்றவர்களுக்குத்தான் அன்று தூக்கம் போயிருக்கும்.

வயிற்றில் நின்ற வலை யோனிச் சுவரிலும் நிற்கும் என்று நினைத்தார்கள். எங்கள் ஓசூர்க் கொத்தனாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் சிக்கன் மெஷ் அடித்துப் பூசினால் விரிசல் வராது, ஆனால் குனிந்து நிமிர்கிற சுவரில் அடிக்க முடியாது.

அமெரிக்காவில் கொத்தனாரைக் கேட்கவில்லை. தரகரைக் கேட்டார்கள். அங்கே 510(கே) என்று ஒரு சட்டவழி இருக்கிறது. புதுச் சாதனம் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒன்றுக்குச் சொந்தம் என்று காட்டினால் போதும், பெண்களிடம் சோதித்துப் பார்க்காமலே விற்கலாம். நம் கல்யாணத் தரகர் ‘பையன் யாருன்னு தெரியாது, ஆனா மேட்டுத்தெரு மாமனுக்கு மச்சான்’ என்று சொல்வாரே, அதுதான் சட்டமாகியிருக்கிறது. மூத்திரக் கசிவுக்கு 1996-இல் வந்த புரோட்டிஜென் என்ற பட்டி, பாலியெஸ்டரில் மாட்டுக் கொலாஜனைப் பாய்ச்சிச் செய்தது. பாதி டெரிலின், பாதி மாடு. பெண்களின் உடம்பை அது அரித்ததால் 1999-இல் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். ஆனால் ‘அவர் எங்க தாத்தா’ என்று அதற்குள் பத்திரம் பதிந்த பேரப்பிள்ளைகளை யாரும் துரத்தவில்லை. 2002-இல் அடியிறக்கத்துக்கென்றே வலைக்கு அனுமதி கிடைத்தது.

பிறகு நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. வலை திசுவை அரித்துக்கொண்டு வெளியே நீட்டியது. உட்கார்ந்தால் வலி, நடந்தால் வலி, புருஷன் பக்கத்தில் வந்தால் இருவருக்கும் வலி. எடுத்துவிடலாம் என்றால், சிமெண்டுக்குள் இறுகிய கம்பிவலையைப் பிய்ப்பது போல. சுவரோடுதான் வரும். அமெரிக்க மருந்துத் துறை 2008-இல் ‘அரிதாகச் சிக்கல்’ என்றது. 2011-இல் ‘அரிதல்ல’ என்றது. 2019 ஏப்ரலில் ‘அடியிறக்கத்துக்கு யோனிவழி வைக்கும் வலையை விற்காதே’ என்றது. வயிற்றுவழியாக வைப்பதற்கு அந்தத் தடை இல்லை. 2020-இல் பிரிட்டனில் கம்பர்லேஜ் அம்மையாரின் விசாரணை அறிக்கை வந்தது. அதன் சாரம்: பெண்கள் வலிக்கிறது என்றார்கள், டாக்டர்கள் காதில் வாங்கவில்லை. எங்கள் தாத்தாவின் வாக்கியம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பேசியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘பிளாஸ்டிக் வேண்டாம், இயற்கைதான் நல்லது’ என்று ஒரு கட்சி ஏற்கெனவே இருந்தது. பன்றித் தோல், பன்றிச் சிறுகுடலின் உள்சவ்வு, மாட்டு இதயத்தின் உறை, செத்தவர் தொடைச் சவ்வு. அணுக்களைக் கழுவி எடுத்துவிட்டு மீதிச் சட்டத்தை மட்டும் வைப்பார்கள். எதை வெட்டிச் சாப்பிடலாம் என்பதிலேயே ஊர் இரண்டுபடும் நாட்டில், எதை உள்ளே வைத்துத் தைக்கலாம் என்று பஞ்சாயத்துக் கூட்டினால் நாட்டாமையே ஓடிவிடுவார். அதைவிடப் பெரிய தொல்லை, உடம்பு அதைக் கரைத்துவிடும். இயற்கை ஒட்டு என்பது அரிசிமாவுக் கோலம், எறும்பு தின்னும். செயற்கை வலை பெயின்ட் கோலம். தப்பாகப் போட்டாலும் அழியாது.

2017-இல் பிரிட்டனில் புராஸ்பெக்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. முதல்முறை ஆபரேஷன் செய்துகொண்ட 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள். சிலருக்கு மாவுக்கோலம், சிலருக்குப் பெயின்ட் கோலம், சிலருக்கு வெறும் ஊசிநூல். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், ஒட்டுப்போட்ட எவருக்கும் வெறும் தையலைவிடக் கூடுதல் நன்மை இல்லை. வலை வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலையால் வந்த சிக்கல்தான் கூடுதல். ஓரத்தில் உட்காரவைத்த டொனால்டை இப்போது கூப்பிடலாம். 129 வருஷம் கழித்தும் அவர் ஊசி துருப்பிடிக்கவில்லை.

மீனும் வலையும் ஒரே கரையில் கிடக்கும் ஊர் எங்களுடையது. தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல் அணைக்கட்டு வழியாக வந்து பாரூர் ஏரியில் விழும். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமே இங்கே இருக்கிறது. நாங்கள் செதிலோடு சேர்த்துக் குப்பையில் எறியும் ஜிலேபி மீன் தோலை எடுத்து, யோனி உருவாகாமலே பிறந்த பெண்களுக்குப் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் டாக்டர்கள் வழி அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த சண்டை வலைக்கும் மீனுக்கும் வரலாம். எங்களிடம் இரண்டும் கிலோ கணக்கில் கிடைக்கும்.

ஆனால் சண்டையில் எந்தப் பக்கமும் ஆயாவைக் கேட்கவில்லை. கேட்டவர்கள் வேறு. ஆய்வாளர் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் தோழிகளும் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களின் அடியிறக்கக் கதைகளைக் கேட்டு 1999-இல் எழுதினார்கள். எங்கள் ஆயாவின் கதையையே வேறு வேறு வாயில் கேட்பது போல இருக்கும்.

ஆயாவுக்கு அறுபத்தெட்டு வயதில் ஊருக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. ஒரு பெண் டாக்டர் முதல் காரியமாக ‘எத்தனை வருஷமா இருக்குங்க ஆயா?’ என்று கேட்டார். பிறகு மாட்டுத்தோல், மீன்வலை எதையும் எடுக்காமல் ரப்பர் மாதிரி ஒரு சிலிகோன் வளையத்தை உள்ளே வைத்து, நடந்து பார்க்கச் சொன்னார். ஆயா முகாம் பந்தலை இரண்டு தடவை சுற்றினார். கோவணச் சேலையைச் சுருட்டி வாய்க்காலில் விட்டார்.

வீட்டுக்கு வந்து, மாலை போட்ட தாத்தா படத்துக்கு எதிரே நின்று சொன்னார்: ‘நாப்பது வருசம் குடித்தனம் பண்ணியும் ஒரு வளையல் வாங்கித் தரல நீ. பாரு, கடைசியில கவருமெண்டு போட்டு உட்டுச்சு.’