ஜெயிக்கிறவருக்கே என் ஓட்டு

ஓட்டுப் போடுவதில் எங்கள் அப்பத்தாவுக்கு ஒரே கொள்கைதான்: ஓட்டு வீணாகக் கூடாது. தோற்கப்போகிறவருக்குப் போட்டால் வீண். ஆகவே ஜெயிக்கப்போகிறவர் யார் என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். தேர்தல் நெருங்கினால் பால்காரர், தபால்காரர், வளையல்காரர், ரேஷன் கடை வரிசை என ஒருவரையும் விட மாட்டார். எல்லாரிடமும் வாயைக் கிளறுவார். வாக்குச்சாவடிக்கு நடக்கிற வழியில்கூட விசாரணை நடக்கும். முடிவு வந்ததும் "நம்ம ஆளு ஜெயிச்சுட்டாரு" என்று நிம்மதியாக வெற்றிலை போடுவார். அந்த 'நம்ம ஆளு' மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தார்.

படித்த பேரப்பிள்ளைகள் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அப்பத்தாவின் இதே கொள்கையை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் 1908 முதல் பாரம்பரியப் பெருமையாகக் கொண்டாடிவருகிறது. அக்கா மகன் அங்கே படிக்கப் போனதால் எனக்குக் கிடைத்த ஞானம் இது.

வர்ஜீனியா மாநிலத்தில் லெக்சிங்டன் ஒரு சின்ன ஊர். அங்கே இருப்பது வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகம். அதிபர் தேர்தல் வரும் ஆண்டுகளில் அங்கே 'மாக் கன்வென்ஷன்' நடக்கும். வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சி இல்லையோ, அந்தக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டும் மாநாட்டை, மாணவர்கள் பல மாதம் முன்னதாகவே நடத்திப் பார்த்துவிடுகிறார்கள். மாநிலத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், மேடை, பேச்சாளர்கள், ஊர்வலம், கடைசியில் வாக்கெடுப்பு. எல்லாம் மாணவர் பொறுப்பு. நிதி திரட்டுவதும் அவர்களே.

இதில் ஒரு விதி உண்டு. உனக்குப் பிடித்தவருக்கு நீ ஓட்டுப் போடக் கூடாது. உன் குழுவுக்கு ஒதுக்கிய மாநிலத்தில் கட்சிக்காரர்கள் யாரை ஆதரிப்பார்களோ அவருக்குத்தான் போட வேண்டும். நோக்கம் கொள்கை முழக்கம் இல்லை, கணிப்பு. எனவே மனத்தளவில் ஒரு கட்சியில் இருக்கும் மாணவன், அடுத்த கட்சி மாநாட்டில் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தனக்குச் சுத்தமாகப் பிடிக்காத தலைவருக்கு மனசாட்சிப்படி வாக்களிப்பான்.

2024-க்கான மாநாட்டு வேலை தொடங்கியபோது மாப்பிள்ளை போன் செய்தான்.

"மாமா, எனக்கு ஐடஹோ கெடச்சிருக்கு."

"நீ வர்ஜீனியாவுலதானே படிக்கிற?"

"படிக்கிறது இங்கதான். மாநாட்டுல நான் ஐடஹோ பிரதிநிதி."

"அந்த ஊருக்குப் போயிருக்கியா?"

"இல்ல மாமா."

"அங்க யாரையாச்சும் தெரியுமா?"

"இனிமேதான் போன் பண்ணித் தெரிஞ்சுக்கணும்."

"தொகுதிப் பக்கமே எட்டிப் பாக்காம பிரதிநிதி ஆயிட்ட. மாப்ள, அரசியல்ல உனக்குப் பெரிய எதிர்காலம் இருக்குடா."

அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே வேலை இருந்தது. இந்தக் குழுக்கள் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கின்றன. அந்தந்த மாநிலக் கட்சி நிர்வாகிகளையும் பத்திரிகைக்காரர்களையும் போனில் பிடிக்க வேண்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எந்த மாநிலத்தில் பிரைமரி என்ற வாக்குப்பதிவு, எங்கே காகஸ் என்ற கட்சிக் கூட்டம், வாங்கிய ஓட்டு எப்படி மாநாட்டுப் பிரதிநிதிகளாக மாறும், வென்றவருக்கே முழுதுமா அல்லது விகிதப்படி பங்கா என்று கணக்குப் போட வேண்டும். அமெரிக்காவில் ஓட்டுரிமையே இல்லாத எங்கள் பிள்ளை, ஐடஹோக்காரர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆராய்ந்தான். பரீட்சைக்கு இப்படி உட்கார்ந்திருந்தால் அக்கா பழனிக்கு நடந்தே போயிருப்பாள்.

ஊர்வலப் படம் வந்த அன்றுதான் அக்காவுக்கு விஷயமே முழுதாகத் தெரிந்தது. ஒவ்வொரு மாநிலக் குழுவும் தன் மாநிலப் பெருமையை வண்டியில் ஏற்றி ஊர்த் தெருவில் ஊர்வலம் விடுவது வழக்கம். ஐடஹோவின் பெருமை உருளைக்கிழங்கு. எங்கள் வீட்டுப் பட்டதாரி, பழுப்பு நிறச் சாக்கு உடையில் உருளைக்கிழங்காக நின்று கை அசைத்துக்கொண்டிருந்தான்.

"கடன் வாங்கிப் படிக்க அனுப்புனது கெழங்கு வேஷம் போடவாடா?" என்றாள் அக்கா. அது கட்சிப் பணி என்று நான் சமாதானம் சொன்னேன். தலைவருக்காக நெருப்புச் சட்டி ஏந்திய ஊரில் பிறந்தவளுக்குக் கிழங்கு பெரிய விஷயமாகப் படவில்லை, சீக்கிரமே சமாதானமாகிவிட்டாள்.

இந்த விளையாட்டை லேசாக எண்ண வேண்டாம். 1952 முதல் 2024 வரை நடந்த 19 மாநாடுகளில் 17 முறை மாணவர்கள் சொன்னவரே வேட்பாளரானார். தப்பியது இரண்டே தடவை. 1972-இல் போட்டியிலேயே இல்லாத எட்வர்ட் கென்னடியைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர் ஜார்ஜ் மெக்கவர்ன். 2008-இல் ஹிலாரி கிளின்டன் என்றார்கள், ஒபாமா முந்திவிட்டார். 2020 பிப்ரவரியில், வேட்பாளர் போட்டியின் தொடக்கச் சுற்றுகளில், ஜோ பைடன் அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்து துவண்டுகிடந்தார். அரசியல் பண்டிதர்கள் அவருக்கு இரங்கல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் பிள்ளைகள் 'பைடன்தான்' என்றார்கள். அவரே வந்தார்.

1924 கதை இன்னும் சுவை. ஜனநாயகக் கட்சியின் நிஜ மாநாடு நியூயார்க்கில் கூடி, யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாக நடத்தி, 103-ஆவது சுற்றில்தான் ஜான் டேவிஸை வேட்பாளராக்கியது. மாணவர்கள் அவரை முன்பே சொல்லிவிட்டிருந்தார்கள். டேவிஸ் அதே கல்லூரியில் படித்தவர். நம்ம காலேஜ் பையன் என்ற பாசத்தை ஆராய்ச்சி என்று கணக்கெழுதி, அதுவும் பலித்துவிட்டால் யார் கேட்பது?

ஒரு துக்கமும் இதன் வரலாற்றில் உண்டு. ட்ரூமன் ஆட்சியில் துணை அதிபராக இருந்த ஆல்பன் பார்க்லி, 1956 ஏப்ரல் 30 அன்று இந்த மாநாட்டு மேடையில் சிறப்புரை ஆற்றிக்கொண்டிருந்தபோதே சரிந்து உயிர்விட்டார். வயது 78. உயர்ந்த ஆசனங்களைவிட இறைவன் வீட்டில் ஊழியனாக இருப்பதே மேல் என்ற பொருளில் அவர் சொல்லி முடித்த நேரம் அது.

மாப்பிள்ளை கலந்துகொண்ட 2024 மாநாட்டின் வாக்கெடுப்பை நேரலையில் நான் இரவெல்லாம் விழித்துப் பார்த்தேன். அகர வரிசையில் மாநிலத்தின் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு உட்காருவது அங்கே மரபில்லை. மலைகளின் மாநிலம், ஆறுகளின் மாநிலம், இன்னார் பிறந்த மண், இன்ன பழம் விளையும் நிலம் என்று பட்டம் அடுக்கிய பிறகுதான் ஓட்டுக் கணக்கு வரும். 'அவர்களே, அவர்களே' என்று மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் விளித்து முடிக்கும் நம் வட்டச் செயலாளரை அங்கே அனுப்பினால், முதலில் வரும் அலபாமாவைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். முடிவு டிரம்ப் என்று வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மில்வாக்கியில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடும் அதையே சொன்னது.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இரு பெரிய கட்சிகளில் எதற்கும் நிஜ மாநாட்டில் இரண்டாவது சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டு எத்தனையோ காலமாகிறது. கடைசியாக நடந்தது 1952-இல். பிரைமரிகளிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. கோடையில் கூடும் பெரிய மாநாட்டில் பேச்சுக்கும் பலூனுக்கும்தான் வேலை; முடிவு காவலாளிக்குக்கூடத் தெரியும். பிப்ரவரியில் கூடும் மாணவர்களுக்கு மட்டும்தான் முடிவு தெரியாது. இந்த இரண்டில் நாடகம் எது என்று நீங்களே சொல்லுங்கள். மூடிய அறைக்குள் வேட்பாளர் பட்டியல் தயாராகி, விருப்ப மனுவுக்குப் பணம் கட்டியவர்கள் அதில் தங்கள் பெயரைத் தேடும் நம் ஊர் முறையை மாப்பிள்ளைக்கு விளக்கினேன். "இதைக் கணிக்கவே முடியாதே மாமா!" என்று திகைத்துப்போனான்.

ஆனாலும் அந்தப் பிள்ளைகளிடம் நான் மெச்சுவது அவர்களுடைய கணிப்பை அல்ல. மாநாட்டில் ஜெயிக்கிறவரைத் தேடிய அதே உள்ளூர் மாணவர்கள், நவம்பரில் நிஜ ஓட்டுப் போடும்போது தங்களுக்குப் பிடித்தவரைத் தேடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும், வேறு அரசியல் பாடமே வேண்டாம். நமக்கும் அதேதான். யார் வருவார் என்ற ஆராய்ச்சியை டீக்கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சாவடிக்குள் போனால் யார் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவருக்கு அழுத்துங்கள்.