கார்ட்டூன் விலங்குகளின் கீழாடை: ஒரு பன்முகப் பார்வை

‘இத்துறையில் இதுவரை ஆய்வு ஏதும் நிகழவில்லை’ என்றொரு வரி எல்லா ஆய்வேடுகளின் முன்னுரையிலும் இருக்கும். அந்த வரி உண்மையாகவே பொருந்துகிற ஆய்வேடு இது ஒன்றுதான். மிக்கி மவுஸ் ‘ஸ்டீம்போட் வில்லி’யில் விசிலடித்துக்கொண்டு திரைக்கு வந்தது 1928-இல். அன்றிலிருந்து உலகம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஆறாண்டு கழித்து வந்த டொனால்ட் டக் தொப்பி போட்டிருக்கிறது, சட்டை போட்டிருக்கிறது, கழுத்தில் முடிச்சுவேறு கட்டியிருக்கிறது. இடுப்புக்குக் கீழே என்ன ஆயிற்று என்று தமிழ்கூறும் நல்லுலகில் ஒரு துறைத்தலைவர்கூடக் கேட்டதில்லை. கேட்பதே நம் நோக்கம்.

முதலில் ஆய்வு எல்லை. விலங்குகள் மட்டுமே இங்கு கொள்ளப்படும். ஆகவே போப்பாய் இல்லை. சோட்டா பீமும் இல்லை. அதன் வேட்டி தனி நூலுக்குரியது. ஷின்சான் மனிதக் குழந்தை என்பதோடு, அதன் கால்சட்டை இடுப்பில் நிற்கும் நேரம் குறைவென்பதால் தரவு நிலையற்றது. ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ் விலங்கா என்று ஐயுறுவோர் உளர். ஐயம் வேண்டா. கடற்பஞ்சு விலங்கே. அதைப் படைத்த ஸ்டீஃபன் ஹில்லன்பர்க் கடல் உயிரியல் கற்பித்த ஆசிரியர். இந்தத் துறையில் தாம் வரைந்த பொருளைப் படித்துவிட்டு வரைந்த மிகச் சிலருள் ஒருவர்.

அடுத்து ஆதார நூல்கள். இப்பொருளுக்கு மூன்று உரைகள் வழங்குகின்றன. முதலாவது பாய் உரை. இதன் ஆசிரியர் இரண்டாம் வகுப்பில் பயில்பவர். தரையில் பாய் விரித்து, தொலைக்காட்சிக்கு மிக அருகில் அமர்ந்து உரைப்பவர். இரண்டாவது சோபா உரை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் சாய்ந்த நிலையில் அருளியது. மூன்றாவது சமையலறைக் குறிப்புரை. இது குக்கர் விசிலுக்கு நடுவே உரத்த குரலில் மட்டும் கிடைக்கிறது. கோட்பாட்டுப் பின்புலம் அற்றது என்பதால் பெரும்பாலும் தள்ளப்படும்.

கார்ட்டூன் விலங்குகளை ஐந்தாக வகுக்கலாம். ஏன் ஐந்து எனின், தமிழில் எதையும் ஐந்தாக வகுத்தால் கேள்வி வராது. டோரேமோன் ஆறாவதாக வந்து நின்றது. அதைப் புறனடையில் தள்ளிவிட்டோம். தரவு கோட்பாட்டுக்கு இடைஞ்சலாக நின்றால் தரவைத்தான் நகர்த்த வேண்டும். கோட்பாடு ஏற்கெனவே அச்சுக்குப் போயிருக்கும்.

முதல் வகை, கீழாடை மட்டும் உடையோர். தலைமகன் மிக்கி. இரண்டு பொத்தான் வைத்த சிவப்புக் கால்சட்டை, மேலே வெறும் மார்பு. இடுப்பில் ஆடை கட்டி, மேலாடை களைந்து கோயிலுக்குள் நுழையும் நம் மரபையே மிக்கி பின்பற்றுகிறது என்று நிறுவ முழு ஆதாரமும் நம்மிடம் இருக்கிறது. பூம்புகார்த் துறைமுகத்திலிருந்து இந்த வழக்கம் அமெரிக்காவுக்கு எந்தக் கப்பலில் போயிற்று என்ற ஒரு சிறு கண்ணிதான் பாக்கி. அத்தகைய சிறு கண்ணிகள் நம்மவர் எவரையும் இதற்குமுன் தடுத்ததில்லை.

மிக்கியின் கையுறையையும் இங்கே பேசிவிட வேண்டும். ஆரம்பத்தில் கையுறை கிடையாது. 1929-இல் வந்த ‘தி ஓப்ரி ஹவுஸ்’ படத்தில்தான் வருகிறது. கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை போனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் கை எங்கே என்று தெரியாது. வெள்ளை உறை மாட்டினால் தெரியும். ‘கை தெரியணும்ல’ என்கிறது சமையலறைக் குறிப்புரை. இத்தனை எளிமையான விளக்கம் ஆய்வுலகில் எடுபடாது என்பதால் இதை அடிக்குறிப்பில் போடக்கூட நாம் தயங்குகிறோம்.

இரண்டாம் வகை, மேலாடை மட்டும் உடையோர். இந்த ஆய்வின் உயிர்நிலை இதுவே. போர்க்கி பிக் இவ்வகை. வின்னி த பூ இவ்வகை. சிவப்புச் சட்டை, அதுவும் தொப்புளோடு சரி. ஆனால் முதன்மை டொனால்டுக்கே.

டொனால்ட் டக் 1934 ஜூன் 9-இல் வெளியான ‘தி வைஸ் லிட்டில் ஹென்’ படத்தில் அறிமுகமாகிறது. அன்றே மாலுமிச் சட்டை, மாலுமித் தொப்பி. கடற்படை அரைச் சீருடை வழங்குவதாக எந்த நாட்டு விதியிலும் இல்லை. ‘இந்தக் கோலத்துல டூட்டிக்கு வந்தா அன்னிக்கே சஸ்பெண்ட்’ (சோபா உரை, ஞாயிறு காலை, இட்லிக்கு முன்). எனவே மீதி எங்கே என்ற கேள்வி எழுகிறது. இதற்கு நான்கு கோட்பாடுகள் சொல்லப்படுகின்றன.

நீந்துவதற்கு வசதி என்பது நீரியல் கோட்பாடு. அற்றேல், நனையும் சட்டையையும் கழற்றியிருக்க வேண்டுமே? கழற்றவில்லை. ஆகவே இது பொருந்தாது. வாலுக்கு ஓட்டை வைத்துத் தைக்கும் தையற்காரர் இல்லை என்பது தையற் கோட்பாடு. மிக்கியின் நீளவால் கால்சட்டைக்கு வெளியே நன்றாகவே ஆடுகிறது. தையற்காரர் அதே ஸ்டுடியோவில்தான் இருந்திருக்கிறார். ஆகவே இதுவும் பொருந்தாது.

மூன்றாவது பொருளாதாரக் கோட்பாடு. டொனால்ட் நிலையான வேலை இல்லாத ஏழை. அரைச் சீருடைக்கு மேல் வாங்க வசதியில்லை. கருத்தரங்குகளில் இதற்கு நல்ல கைதட்டல் கிடைக்கும். ஆனால் இதை உடைத்தெறிபவர் டொனால்டின் மாமா ஸ்க்ரூஜ். 1947-இல் காமிக்ஸில் கார்ல் பார்க்ஸ் படைத்த இந்த வாத்துதான் உலகின் ஆகப் பெரிய பணக்கார வாத்து. தங்கக் காசுக் கிடங்கில் நீச்சலடிப்பது அன்றாட உடற்பயிற்சி. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ‘டக் டேல்ஸ்’ இந்தியில் வந்தபோது, ஒரு சொல்லும் புரியாமல் நம்மில் பலர் வாய்பிளந்து பார்த்த காட்சி அது. உயரத் தொப்பி, கோட்டு, கைத்தடி, மூக்குக்கண்ணாடி, கணுக்காலுக்குத் தனி உறை. கணுக்காலுக்கு உறை வாங்கியவரிடம் கால்சட்டைக்குக் காசில்லை என்று எந்த வாயால் சொல்வது? அதே தொடரில் அவரிடம் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லாஞ்ச்பேட் கால்சட்டை போட்டிருக்கிறார். முதலாளிக்கு இல்லாதது பைலட்டுக்கு இருக்கிறது. பொருள்முதல்வாத ஆய்வாளர்கள் இந்த இடத்தில் தேநீர் இடைவேளை அறிவிப்பது வழக்கம்.

நான்காவது, நாணக் கோட்பாடு. வாத்துக்கு நாணமில்லை, அதனால் ஆடையில்லை. 1937-இல் வந்த ‘ஹவாயன் ஹாலிடே’யை இதன் ஆசிரியர்கள் பார்த்ததில்லை போலும். அதில் டொனால்ட் புல்லாலான பாவாடை கட்டிக்கொண்டு ஹூலா நடனம் ஆடுகிறது. வெற்றிடுப்போடு ஊரெல்லாம் திரிகிற வாத்து, ஆடுவதற்கு மட்டும் இடுப்பை மறைக்கிறது. மறைத்த பாவாடையும் பக்கத்தில் எரிந்த தீயில் பற்றிக்கொள்கிறது. கீழாடை டொனால்டுக்கு ஆகிவராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ‘அது வாத்து. வாத்து பேன்ட் போடாது’ (பாய் உரை, இரண்டாம் பதிப்பு, ரிமோட் பறிக்கப்பட்ட பின், அழுகைக்கு நடுவே, இப்பாடத்தில் ‘போடாது’ என்பது ‘போடவே போடாது’ என்றும் கேட்கிறது, மூலம் மறுநாள் பள்ளிக்குப் போய்விட்டதால் ஒப்புநோக்க இயலவில்லை). சுருங்கச் சொன்ன உரை. இதற்கு ஒரு விளக்கவுரையும், விளக்கவுரைக்கு ஓர் அரும்பத உரையும், அரும்பத உரைக்கு ஒரு மறுப்புரையும் எழுத நிதி கோரி விண்ணப்பித்திருக்கிறோம்.

இனிப் பின்லாந்துச் சிக்கல். கால்சட்டை அணியாத குற்றத்துக்காக டொனால்ட் டக் பின்லாந்தில் தடைசெய்யப்பட்டது என்று அரிய தகவல் துணுக்குகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். நடந்தது வேறு. 1970-களின் பிற்பகுதியில் ஹெல்சின்கி நகராட்சியில், இளைஞர் மையங்களுக்கு நகராட்சிப் பணத்தில் டொனால்ட் டக் காமிக்ஸ் வாங்குவதை நிறுத்திச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். சந்தா விவகாரம், அவ்வளவே. பிறகு அவர் தேர்தலில் நின்றபோது, ‘டொனால்டைத் தடைசெய்தவர் இவர்தான்’ என்று எதிரணி கிளப்பிவிட்டது. செய்தி கடல் தாண்டுகையில் யாரோ ஒருவர் அதற்குக் கால்சட்டையைக் கழற்றிவிட்டார். டொனால்டின் பின்லாந்துப் பதிப்பான ‘ஆக்கு ஆங்க்கா’ 1951-இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அந்நாட்டில் வீட்டுக்கு வீடு படிக்கப்படும் இதழ் அது.

ஆனால் இந்தத் தடைக் கதை எத்தனை நூல்களில் ஏறியிருக்கிறது! ஒருவர் எழுதினார், அவரை மேற்கோள் காட்டி அடுத்தவர் எழுதினார், இருவரையும் காட்டி மூன்றாமவர் ‘அறிஞர் பலரும் ஒருமனதாக’ என்றார். ஒருவரும் ஹெல்சின்கி நகராட்சியைக் கேட்கவில்லை. இம்முறைக்கு நம் பல்கலைக்கழகங்களில் ‘முன்னாய்வு மதிப்பீடு’ என்று பெயர்; இரண்டாம் இயலாக வைப்பார்கள், தனி மதிப்பெண் உண்டு.

மூன்றாம் வகை, முழு ஆடையர். கூஃபி. நான்காம் வகையோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே புளூட்டோ இருக்கிறது. இரண்டும் நாய். ஒன்று கால்சட்டை போட்டு, மிக்கியின் நண்பனாகக் கார் ஓட்டுகிறது. மற்றது பட்டை கட்டி, மிக்கியின் வளர்ப்பு நாயாகக் காலடியில் கிடக்கிறது. கூஃபி ஒருநாளும் புளூட்டோவைப் பார்த்து, ‘நீயும் நம்ம ஆளுதானே?’ என்று கேட்டதில்லை. சமூகவியலார் இதில் வாய் திறக்காமல் இருப்பது வியப்பில்லை. கால்சட்டை கிடைத்தபின் பட்டை கட்டியவரைத் தெரியாததுபோல் போவது அவர்கள் துறைக்கு வெளியே நடப்பதன்று.

நான்காம் வகை, கழுத்தாடையர். யோகி பேர் இதன் தலைவன். உடம்பில் பொட்டுத் துணியில்லை. தலையில் ஒரு தொப்பி, கழுத்தில் வெள்ளைக் காலரும் டையும். அலுவலகத்துக்குக் கிளம்பி, பாதியில் மனம் மாறிய கரடி. குட்டிக் கரடி பூபூவுக்கும் கழுத்தில் ஒரு முடிச்சு. ஹக்கிள்பெர்ரி ஹவுண்டுக்கும் அப்படியே. இதை நவீன மனிதனின் அந்நியமாதல் என்று ஒரு சாராரும், காலனியக் கழுத்துப்பட்டையின் எச்சம் என்று மறுசாராரும் கொள்வர் (சோபா உரை, விரிவாக்கப்பட்ட பதிப்பு, மின்வெட்டுப் படலம், விசிறிமட்டைக்கு முன்னும் பின்னும், இதன் ஒரு பகுதி குறட்டையாகவே கிடைத்துள்ளது, பாடபேதம் மிகுதி). ‘தலைய மட்டும் ஆட்டிட்டு ஒடம்ப அப்படியே விட்டுருப்பாங்க, ஒட்டு தெரியாம இருக்க காலர்’ என்பது சமையலறைக் குறிப்புரை.

வரலாறு என்னவோ இப்படித்தான் போகிறது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்தில் டாம் அண்ட் ஜெர்ரி எடுத்தவர்கள். 1957-இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடிற்று. இருவரும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே கிடைத்த பணம் சினிமாப் பணத்தில் சிறு துளி. ஒவ்வோர் அசைவுக்கும் முழு உடம்பை வரைந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே உடம்பு ஒரு தாளில் அப்படியே நிற்கும்; தலை வேறு தாளில் ஆடும், பேசும். இரண்டும் சேரும் கோட்டை மறைக்கக் காலர். அடுத்தமுறை யோகி பேசும்போது டையை மட்டும் பாருங்கள். தலை குலுங்கும், வாய் திறக்கும், புருவம் ஏறும், டை அசையாது. நடந்துகொண்டே பேசினால் பின்னால் போகும் மரத்தையும் பாருங்கள், அதே மரம் திரும்ப வரும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை திகைப்பூட்டுவது. அம்மணமாக ஓடிய டாம் வசதியான வீட்டுப் பிள்ளை. ஒவ்வோர் உரோமமும் அசைய ஆள் வைத்து வரைந்தார்கள். டை கட்டிய யோகிதான் ஏழை. இந்த ஒரு செய்திக்காக அந்நியமாதல் அறிஞர்கள் தங்கள் நூலைத் திரும்பப் பெறுவார்களா? பெறமாட்டார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறது.

ஐந்தாம் வகை, ஆடையிலார். டாம், ஜெர்ரி, பிங்க் பேந்தர். சொல்ல ஏதுமில்லை, ஒன்றைத் தவிர. 1944-இல் வந்த ‘தி ஜூட் கேட்’ படத்தில் டாம் ஒரு பெண் பூனையைக் கவர, வலையூஞ்சல் துணியை வெட்டித் தொளதொளத்த கோட்டும் கால்சட்டையும் தைத்துக்கொள்கிறது. தோள் எடுப்பாகத் தெரியக் கோட்டு மாட்டும் கம்பியை உள்ளேயே விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் போருக்காகத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அத்தகைய உடை போடுவதே சச்சரவுக்குரியது. கடைசியில் அது தண்ணீரில் நனைந்து சுருங்கி, ஜெர்ரிக்கு அளவெடுத்ததுபோல் போய்ச் சேர்கிறது. ஆடையிலார் ஆடை தைத்தால் அது எலிக்கே என்பது இவ்வகையின் விதி.

புறனடை: டோரேமோன். ஆடை கிடையாது, வயிற்றில் பை உண்டு. சட்டையில்லாத சட்டைப்பை எதில் தைக்கப்பட்டது என்ற வினாவைப் பாய் உரைகாரரிடம் வைத்தோம். ‘ஷ்ஷ், பாக்க விடுங்க’ என்று மறுமொழி வந்தது. இதனை நேர்காணல் மறுப்பு எனக் கொள்க.

பிகினி பாட்டம் ஊரை மறந்துவிடலாகாது. ஒரே தெருவில் வரிசையாக மூன்று வீடு: நடுவீட்டில் ஸ்குவிட்வார்ட், சட்டை உண்டு, கால்சட்டை இல்லை, ஒரு பக்கம் பேட்ரிக், கால்சட்டை உண்டு, சட்டை இல்லை, மறுபக்கம் ஸ்பாஞ்ச்பாப், இரண்டும் உண்டு, பெயரிலேயே கால்சட்டை. 1999-இலிருந்து அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். ஆடை குறித்து ஒரு பேச்சில்லை. விரிப்பின் பெருகும்.

பிஎச்.டி. தலைப்புத் தேடி அலைவோருக்கு ஒரு சொல். ‘டோராவின் பயணங்கள்’ தொடரில் புஜ்ஜி என்றொரு குரங்கு வரும். காலில் சிவப்பு பூட்ஸ், வேறெதுவும் இல்லை. அதே தொடரின் குள்ளநரிக்கு முகமூடியும் கையுறையும் மட்டும். காலாடையர், முகவாடையர் என இரண்டு புதிய வகைகள் அப்படியே தீண்டப்படாமல் கிடக்கின்றன. எடுத்துக்கொள்ளலாம், நெறியாளர் கிடைப்பது அவரவர் பாடு. ஏன் அப்படி வரைந்தார்கள் என்று மட்டும் சமையலறையில் கேட்டுவிடாதீர்கள். ஒரே வரியில் பதில் வந்துவிடும், உதவித்தொகை நின்றுபோகும்.