கோட்டைவிட்ட துரையும் உடம்பு பிடித்துவிட்ட கதையும்

சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார் லெ ஜான்டீல் என்ற வானியலாளர். வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சு கவர்னர் கோட்டையை விட்டார். இவர் வெள்ளியைக் கோட்டைவிட்டார். 1761 ஜூன் 6 அன்று, ஆடுகிற கப்பலில் நின்று பார்த்தது எந்தக் கணக்குக்கும் உதவவில்லை.

ஆனாலும் மனிதர் விடாக்கண்டர். எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரியில் இடிந்த கோட்டை மேலேயே ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மறைத்தது. வெள்ளி போன பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. 1771-ல் ஊர் திரும்பினால், ஆள் செத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரியின் கதிர்காமத்துப் பாட்டியிடம் காட்டியிருந்தால், "சூடு தலைக்கேறிடுச்சு, நல்லெண்ணெய் தேய்ச்சி உக்கார வை" என்றிருப்பார். துரைக்கும் அந்த வாசனை எட்டியிருந்தது. உடம்பைப் பிசைந்துவிடும் வழக்கத்தை 1779-ல் வெளியான தன் பயண நூலில் எழுதிவைத்தார். மசாஜ் என்ற பேச்சு பிரெஞ்சில் எப்போது வந்தது என்று தேடும் அகராதிக்காரர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். வானத்தில் சாதிக்காததை முதுகில் சாதித்தார்!

பிறகு நடந்தது பெரிய கூத்து. 19-ஆம் நூற்றாண்டில் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர் நீவுவது, பிசைவது, தட்டுவது என்று வகை பிரித்தார். அவற்றுக்கு நிலைத்ததோ பிரெஞ்சுப் பெயர்கள். மொத்தத்துக்கும் பெயர் 'ஸ்வீடிஷ் மசாஜ்'. இன்று கடற்கரைப் பக்கத்து ஸ்பாவில் நம் எண்ணெயையே சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, பெரிய பில்லாக நீட்டுகிறார்கள்.

பலன் இல்லாமலில்லை. இறுகிய தசை தளரும், மனப் பதற்றம் தணியும், முதுகுவலி கொஞ்ச நாளைக்கு அடங்கும். 'உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறும்' என்பது மட்டும் வியாபாரம். அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் இருக்கின்றன.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது பழமொழி. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் யாரையும் நீவ விடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, நேராகக் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.